நீர்வடிப்பகுதி மீள்திறன்: பலதுறை ஆய்வு மாணவர்களுக்குப் பயிற்சித் திட்டம் நடத்துவது எப்படி? வைகைக் கண்மாய்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் இரண்டாவது வாரம். நாங்கள் ஆய்வு செய்த மேல்கண்மாய் நிறைந்து கலுங்கில், அதாவது உபரி நீர் வழியும் கல்தடுப்பில், தண்ணீர் விழுகிறது என்று ஊரிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்க்க வேண்டிய மாணவர்கள் எட்டுப் பேரும் பரீட்சை ஹாலில் இருந்தார்கள். மூன்று நாள் கழித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மறுகால், அதாவது கலுங்கில் வழிந்துபோகும் உபரி நீர், நின்றிருந்தது. கலுங்குக் கல்லில் நுரை காய்ந்த கோடு மட்டும் மிச்சம். அந்த வருஷம் அந்தக் கண்மாய் அதற்குப் பிறகு மறுகால் பாயவே இல்லை. ஒரு வருட ஆய்வு, மூன்று நாள் பரீட்சை அட்டவணையில் போய்விட்டது.

கீழே வருவதில் பாதி, அந்த ஒரு தவறிலிருந்து கற்றது. மீதி, அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் கற்றுக்கொடுத்தது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொறியியல், மண்ணியல், சூழலியல், பொருளாதாரம், சமூகவியல், சட்டம் என்று வெவ்வேறு துறைகளில் முதுகலையோ பிஎச்.டியோ படிக்கும் மாணவர்களை, ஒரே நீர்வடிப்பகுதியில், அதாவது பெய்யும் மழை ஓடி ஒரே ஆற்றிலோ கண்மாயிலோ சேரும் நிலப்பரப்பில், இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்ய வைப்பதுதான் இந்தப் பயிற்சி. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களின் பிற்பகுதியிலிருந்து ஐஜிஇஆர்டி என்ற பெயரிலும், பிறகு என்ஆர்டி என்ற பெயரிலும் இத்தகைய பயிற்சிகளுக்குப் பணம் கொடுத்துவந்திருக்கிறது. நம் நாட்டில் ஐஐடி பம்பாயின் ஊரகத் தொழில்நுட்ப மையமான சிதாரா, டிஸ் என்கிற டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் நீர்க்கொள்கை முதுகலைப் படிப்பு என்று இதற்குப் பக்கத்தில் வரும் முயற்சிகள் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் நாலு துறைகள் சேர்ந்து, பெரிய நிதி எதுவும் இல்லாமல் தொடங்குவதானால் எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள், பாடத்தை அல்ல

எல்லோரும் பாடத்திட்டக் குழுவில் தொடங்குவார்கள். வேண்டாம். பாடத்திட்டக் குழு கூடினால் ஒவ்வொரு துறையும் தன் தாளை உள்ளே நுழைக்கப் பார்க்கும். கடைசியில் வருவது நாலு துறைகளின் கதம்பம்.

இடத்தில் தொடங்குங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களைத் தொட்டுப் போகும் 258 கி.மீ. ஆறு. வடிநிலம் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர். பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஆறு கிடைப்பது கஷ்டம். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்ததிலிருந்து, மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. 1959இல் ஆண்டிபட்டி அருகே வைகை அணை வந்தது. அணைக்கு முந்தைய பூர்வீகப் பாசனக்காரர்கள், பெரியாற்றுத் தண்ணீரால் உருவான இருபோகப் பாசனக்காரர்கள், ஒருபோகப் பாசனக்காரர்கள், மதுரையின் குடிநீர், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை, தனித்தனி நியாயம். எந்தத் துறை மாணவன் வந்தாலும் அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஆனால் 7,000 சதுர கிலோமீட்டரை எட்டு மாணவர்களால் கட்டி மேய்க்க முடியாது. அதனால் ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்கு வரத்தாகப் போகிற ஐந்தாறு கண்மாய்களைக் கொண்ட ஒரு சங்கிலியைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்கு மூன்று நிபந்தனைகள் போதும். முதல் கண்மாயிலிருந்து கடைசிக் கண்மாய் வரை ஒரே நாளில் நடந்துவிட முடிய வேண்டும். சங்கிலிக்குள் நீர்வளத் துறைக் கண்மாயும் ஒன்றியக் கண்மாயும் இரண்டுமே இருக்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்தால் அது நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஒரே தண்ணீர் பாதி வழியில் அலுவலகம் மாறுவதை மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவது, ஊரில் உங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் இரண்டும் பயன்படாது.

2. காலண்டர்: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் பல்கலைக்கழக ஒற்றைப்படை செமஸ்டர் ஜூனில் அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் பரீட்சையோடு முடியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாரங்களும் மாணவர்கள் வெளியே போகவே முடியாத வாரங்களும் ஒன்று. வெயில் காலத்தில், கண்மாயில் கிரிக்கெட் ஆடும் மாதங்களில்தான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும். பல ஆய்வேடுகளில் கண்மாயின் போட்டோ எப்போதும் வறண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாங்கள் செய்த மாற்றம் இது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வகுப்பு முழுவதையும் நெருக்கி நடத்திவிடுவோம். அக்டோபர் முதல் வாரத்தோடு வகுப்பு நின்றுவிடும். அதன் பிறகு டிசம்பர் கடைசி வரை களம்தான். எழுத்துத் தேர்வு ஜனவரியில். இதற்குக் கல்விக்குழுவின் ஒப்புதல் வேண்டும். "ஒரு படிப்புக்காகத் தேர்வு அட்டவணையை மாற்றுவதா" என்று கேட்பார்கள். களப்பணியைத் தனிக் கிரெடிட் உள்ள தாளாக வைத்து, ஜனவரித் தேர்வு உட்பட மதிப்பீடு முழுவதும் உள்மதிப்பீடு என்று எழுதினால் பல்கலைக்கழக அட்டவணையை மாற்ற வேண்டிய அவசியமே வராது. கேட்பவர்களுக்கும் அது எளிது, உங்களுக்கும் எளிது.

வைகையில் இன்னொரு சிக்கல் உண்டு. முல்லைப் பெரியாற்றுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. அதனால் ஜூனிலிருந்தே அணைச் செய்திகளைப் பின்தொடர வேண்டும். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு மாணவர் அணை மட்டத்தைப் போடுவார். 66 வந்தால் பைகள் தயாராக இருக்க வேண்டும். 69 என்றால் பேருந்தில் இருக்க வேண்டும். முதல் வருஷம் இதைக் கிண்டல் செய்தவர்கள், இரண்டாம் வருஷம் மட்டம் போட மறந்த பையனைத் திட்டினார்கள்.

வெயில் காலமும் வீண் அல்ல. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் தரையில், நடந்துபோய் மட்டம் எடுக்க, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிக்கல், கலுங்கின் தலைக்கல் உயரங்களை அளக்க, மார்ச்சிலிருந்து மே வரைதான் சரியான நேரம். சேறும் இல்லை, பயிரும் இல்லை. அளவைக் கருவியோடு வயலில் நிற்பவனைப் பார்த்து "நிலம் எடுக்க வந்தியா" என்று கேட்க ஆளும் குறைவு.

3. வழிகாட்டிகளும் விதிமுறைகளும்

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்.டி விதிமுறைகளைக் குறைசொல்லாமல் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். நினைப்பதைவிட நிறைய இடம் கொடுக்கிறது. வேறு துறையிலிருந்தும் வேறு நிறுவனத்திலிருந்தும் இணை வழிகாட்டி வைத்துக்கொள்ளலாம். பாடவேலைக்குக் குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு நெறிமுறைத் தாள் போக மிச்சத்தைப் பொதுவான நீர்வடிப்பகுதித் தாள்களாக எல்லாத் துறை மாணவர்களுக்கும் வைத்துவிடலாம். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நாலு ஆய்வாளர்கள் என்பது உச்சவரம்பு. உங்கள் குழுவில் உதவிப் பேராசிரியர்களே அதிகம் என்றால் முதலிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி எளிது. மனிதர்கள்தான் கடினம். இணை வழிகாட்டி என்று பெயர் போட்டுக்கொள்ளப் பத்துப் பேர் வருவார்கள். ஒரு கேள்வியில் வடிகட்டிவிடலாம்: "நவம்பரில் இரண்டு நாள் கண்மாய்க் கரையில் தங்க முடியுமா?" சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பேராசிரியர், அடுத்த வாரம் கூட்டத்தில் மற்றத் துறைக்காரரின் பேச்சைக் குறுக்கே வெட்டுவதில்லை. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை.

4. மாணவர் தேர்வும் உதவித்தொகையும்

யாரும் பேச விரும்பாத விஷயம் இது. ஒரே ஜீப்பில் போகும் நாலு பேரில் ஒருத்தி நெட் தேர்வில் வென்று ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெறுபவள், மாதம் 37,000 ரூபாய். ஒருவன் கேட் நுழைவுத்தேர்வு எழுதி வந்த எம்.டெக், 12,400. இன்னொருவன் நெட் இல்லாமல் சேர்ந்தவன். மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 8,000, இல்லையென்றால் அதுவும் கிடையாது. டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்பதில் தொடங்கி, யார் அதிக நாள் களத்தில் தங்குவது என்பது வரை இந்த வித்தியாசம் ஓடும். திட்ட நிதி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், களநாள் ஒன்றுக்கு எல்லோருக்கும் ஒரே படி, ஒரே தங்குமிடம் என்று எழுதிவையுங்கள். பயணச் செலவைக் கையிலிருந்து போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள். முன்பணமாகக் கொடுங்கள். இந்த ஒன்றால்தான் எங்கள் முதல் குழுவில் நன்றாக வேலை செய்த ஒரு பையனை இழந்தோம். அவன் காரணம் சொல்லவில்லை, எங்களுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

பெண் மாணவர்கள் தங்கும் வீட்டில் கழிவறை இருக்கிறதா, ராத்திரி கலுங்கு அளக்கப் போனால் திரும்பி வர வண்டி உண்டா என்பதைத் திட்ட முன்மொழிவிலேயே செலவுத் தலைப்பாகப் போடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் ராத்திரி அளவெல்லாம் ஆண்கள் எடுத்ததாகவே இருக்கும்.

எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டு. பத்துக்கு மேல் போனால் துறைவாரியாகப் பிரிந்து உட்கார ஆரம்பித்துவிடுவார்கள்.

5. முதல் மூன்று வாரம்: ஒரே சொல், நாலு அர்த்தம்

முதல் நாளிலேயே கரும்பலகையில் "வறட்சி" என்று எழுதுங்கள். ஒவ்வொருவரும் தன் துறைப்படி பொருள் சொல்ல வேண்டும். வானிலை படித்தவர் சொல்வார்: பருவ மழை இயல்பைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வறட்சி. வருவாய் நிர்வாகம் தெரிந்தவர் சொல்வார்: பயிர்ச்சேதம் 33 சதவீதம் தாண்டினால் நிவாரணக் கணக்கில் வரும். நிலத்தடி நீர்க்காரர் கிணற்று மட்டம் பேசுவார். அப்புறம் ஊருக்குப் போய் ஒரு பாட்டியிடம் கேளுங்கள். எங்களிடம் ஒருவர் சொன்னது: "ஊருணி வத்தி, லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்டா வறட்சி." இந்த நாலும் ஒரே வருஷத்தில் சேர்ந்து வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல மழை பெய்து, கண்மாய் நிறைந்து, குடம் வரிசையில் நிற்கும் வருஷமும் உண்டு. மாணவர்கள் இந்த இடத்தில்தான் முதன்முறையாக ஒருவரை ஒருவர் நிஜமாகக் கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

"மீள்திறன்" என்ற சொல்லுக்கும் இதே வைத்தியம் தேவை. 1973இல் சி. எஸ். ஹோலிங் சூழலியலில் இந்தக் கருத்தை வைத்தபோது, பழைய நிலைக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதை அவர் முதன்மையாகக் கேட்கவில்லை. எவ்வளவு அடி வாங்கியும் அமைப்பு தன் தன்மை மாறாமல் இருக்கிறது என்பதைத்தான் கேட்டார். பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் முதல் அர்த்தத்தோடு வருவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாமல் களத்துக்கு அனுப்பாதீர்கள். உடைந்த கரையை அடுத்த மழைக்குள் கட்டிவிடுவது ஒன்று. மேல்மடை தோற்றால் கீழ்மடையில் புஞ்சைப் பயிருக்கு மாறத் தெரிவது வேறு.

இரண்டாவது வாரம் முழுக்க நடை. முதல் கண்மாயிலிருந்து கடைசிக் கண்மாய் வரை, கரைமேல். மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய், கரம்பை எல்லாவற்றையும் ஊர்ப் பெயரோடு எழுத வேண்டும். மடையைத் திறந்து மூடித் தண்ணீர் பங்கிடும் மடைக்குடும்பன் என்ற பொறுப்பு இன்னும் இருக்கும் ஊர் என்றால் அவரோடு நடங்கள். மடையில் எத்தனை படி தண்ணீர் நின்றால் எத்தனை நாளைக்கு வரும் என்பதை அவர் படிக்கல்லை எண்ணியே சொல்லிவிடுவார். நீரளவை படித்த மாணவி ஒருத்தி அவர் சொன்ன படிகளைச் சென்டிமீட்டராக மாற்றி, பரப்போடு பெருக்கி, கொள்ளளவு வரைகோடு போட்டுவிட்டாள். அவருக்கு அதைக் காட்டியபோது, மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் இடையில் கோடு தப்பு என்றார். போய் அளந்தோம். உள்வாயில் ஒரு மேடு, வரைபடத்தில் இல்லாதது.

6. தரவு: எங்கே கிடைக்கும், எதை நீங்களே எடுக்க வேண்டும்

விஏஓ அலுவலகத்தில் அடங்கலும் அ பதிவேடும். எந்தப் புல எண்ணில் எந்த வருஷம் என்ன பயிர் என்பது அங்கே. எழுதியது எல்லாம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அதை விட்டால் வேறு தொடர் கிடையாது. புலப்படங்களை எடுத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். செயற்கைக்கோள் படத்துக்கு சென்டினல்-2, 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை. ஆனால் நமக்கு வேண்டிய நவம்பரில் மேகம் மூடியிருக்கும். அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படம்தான் கைகொடுக்கும். சீமைக்கருவேலம் அடர்ந்த உள்வாயில் ரேடாரும் ஏமாறும், மரத்தின் கீழே நிற்கும் தண்ணீர் தண்ணீராகத் தெரியாது. அங்கே ஆள்தான் போக வேண்டும்.

நீங்களே எடுக்க வேண்டியது: ஒவ்வொரு மடையிலும் பெயிண்டில் அளவுகோடு. காலையில் யாராவது ஒருவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஊரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வழியில் பார்த்து எழுதினால் போதும், மாதம் சிறு தொகை கொடுங்கள். விலை உயர்ந்த தானியங்கிக் கருவியை வாங்கி வைத்தோம். முதல் பருவத்திலேயே பேட்டரி காணாமல் போனது. நோட்டு இன்னும் இருக்கிறது.

7. ஒரு கேள்வியை எல்லோரும் சேர்ந்து துரத்துவது

துறைக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக் கொடுத்தால் திட்டம் முடிந்தது என்று அர்த்தம். எல்லோருக்கும் பொதுவான ஒரு கேள்வி வேண்டும். அது களத்திலிருந்து வர வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது மணல் மூட்டை. மேல்கண்மாய்க் கலுங்கின்மேல் ஒரு வரிசை மூட்டை அடுக்கியிருந்தார்கள். உயரம் 10 சென்டிமீட்டர் இருக்கலாம். பொறியியல் மாணவன் "கரை பலவீனம், அதற்காக" என்றான். கரைக்கும் மூட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்று ஊர்க்காரர் சிரித்தார். கணக்குப் போட்டோம். நீர்ப்பரப்பு 60 ஹெக்டேர். 10 சென்டிமீட்டர் கூடுதலாக நின்றால் 60,000 கனமீட்டர், அதாவது 6 கோடி லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 5 ஹெக்டேர் நெல்லுக்கு முழுத் தண்ணீர். மேல்கண்மாய்க்கு அது லாபம். கீழ்க்கண்மாய்க்கு அதே அளவு நட்டம்.

அப்புறம் கேள்வி விரிந்தது. தூர்வாரிய பிறகுதான் மூட்டை வந்ததா, அதற்கு முன்பேயா? தூர்வாரியதால் மேல்கண்மாய் அதிகம் பிடித்துக்கொண்டு, மறுகால் தாமதமாகிறதா? மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவருக்கு மட்டம் உயர்ந்து நிற்பதில் லாபம் உண்டா? ராத்திரியில் மூட்டையை எடுத்துவிடுவது யார், மறுநாள் பஞ்சாயத்தில் என்ன பேசுகிறார்கள்? சட்ட மாணவி பழைய வழக்குத் தீர்ப்பின் நகல் ஒன்றை ஒரு வீட்டுப் பெட்டியிலிருந்து கண்டெடுத்தாள். கலுங்கின் உயரம் அதில் அங்குலத்தில் எழுதியிருந்தது. வெயில் காலத்தில் எடுத்து வைத்திருந்த மட்டக் கணக்கு அப்போதுதான் கைகொடுத்தது. மேல்கண்மாயின் மீள்திறன் கூடியதும் கீழ்க்கண்மாயின் மீள்திறன் குறைந்ததும் ஒரே வேலையால் நடந்தது என்று அவர்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தனித்தனியாக எழுதியிருந்தால் தூர்வாரியது வெற்றி என்று ஒன்று, கீழே தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒன்று, ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கட்டுரைகள் வந்திருக்கும்.

8. மதிப்பீடு

ஒவ்வொருவருடைய ஆய்வேட்டிலும் ஒரு அத்தியாயம் வேறு துறை மாணவரோடு சேர்ந்து எழுதியதாக இருக்கட்டும். யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று ஒரு பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டால் தேர்வாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வியை மற்றத் துறைத் தேர்வாளர் கேட்க வேண்டும். வேறு எதுவும் தேவையில்லை. மீள்திறனுக்கு மதிப்பெண் அட்டவணை போட்ட ஒரு திட்டத்தைப் பார்த்திருக்கிறேன். முழுக்க நிரப்பியிருந்தார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

9. ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

ஊர்ப் பெண்களிடம் பேச நேரம் கேட்டால் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் வேலை முடிந்து பிற்பகலுக்கு மேல்தான். அதற்குத் தகுந்தபடி போங்கள், சமைக்கிற நேரத்தில் வினாத்தாளோடு நிற்காதீர்கள். கண்மாயில் வேலை செய்தவர்கள் அவர்கள்தான். எந்த மூலையில் வண்டல், எந்த மூலையில் சுண்ணாம்புக்கல் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எந்தத் தெருவுக்கு எந்த மடையில் பங்கு, யாருக்கு இல்லை என்பதை ஊர்க்கூட்டத்தில் கேட்காதீர்கள். தனித்தனியாக, பெயர் எழுதாமல் கேளுங்கள்.

ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் மடை அளவு நோட்டின் நகலும் கண்மாயின் கொள்ளளவு வரைகோடும் தமிழில், பெரிய எழுத்தில், ஊருக்குப் போக வேண்டும். நாங்கள் லேமினேட் செய்து கோயில் மண்டபத்தில் மாட்டினோம். அடுத்த ஆண்டு கீழ்க்கண்மாய் ஊரார் நீர்வளத் துறைக்குக் கொடுத்த மனுவில் அதன் நகலை இணைத்திருந்தார்கள். மேல்கண்மாய்க்காரர்களுக்கு எங்கள் மேல் கோபம். மூன்று மாதம் எங்களுக்கு அங்கே டீ கிடையாது. அதற்குப் பின் அவர்களும் தங்கள் நகலைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். இப்போது இரண்டு ஊரிலும் ஒரே நோட்டுதான் இருக்கிறது. ஜூலையில் புதுக் குழு வந்ததும் பழைய குழுவோடு கலுங்கு வரை நடந்து, போன நவம்பர் மட்டத்தை நோட்டில் பார்த்து, அளவுகோட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதில்தான் அவர்களுடைய முதல் களநாள் தொடங்குகிறது.